நான்காவது வரிக்குப் பிறகு

என் மனைவி மதங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். கல்யாணப் பேச்சு நடந்தபோது இதை என் அம்மாவுக்குப் புரிய வைக்க நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. "டாக்டர்னு போட்டிருக்கே, எதுக்கு டாக்டர்?" என்று கேட்டார். மனுஷங்க எப்படிக் கும்பிடுறாங்கன்னு பார்த்து எழுதுற டாக்டர் என்றேன். "அதுல பார்க்க என்னடா இருக்கு? கண்ண மூடிக்கிட்டுத்தானே கும்பிடுறாங்க" என்றார் அம்மா. அவளுடைய துறையின் கஷ்டத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அவளே இதைத் தன் வகுப்பில் சொல்லிச் சிரிப்பாள்.

நான் குளிர்சாதனப் பெட்டியும் ஏ.சி.யும் பழுது பார்க்கிறவன். என் தொழிலில் எல்லாம் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. கம்ப்ரஸர் போயிருக்கும், இல்லையென்றால் கேஸ் கசிந்திருக்கும். மாற்றினால் குளிரும். அவள் தொழிலிலோ வருஷக்கணக்காக ஒரே கூடத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, கடைசியில் 'ஒருவேளை' என்று ஆரம்பித்து ஒரு வாக்கியம் எழுதுவார்கள். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. ஆனால் அவளிடம் எனக்குப் பிடித்ததே அந்தப் பொறுமைதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவளுடைய அப்பா ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவராக இருந்தார். கடவுள் என்ற பேச்சை எடுத்தாலே சண்டைக்கு நிற்பார். எதிர்வீட்டுக்காரர், தபால்காரர், பல் வைத்தியர் என்று ஒருவரையும் விட்டு வைத்ததில்லை. அவளுடைய அம்மா வாயே திறக்க மாட்டார். அப்பா தெருமுனையைத் தாண்டும்வரை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, குழாயைத் திறந்துவிட்டு, பாத்திரம் கழுவிக்கொண்டே உதட்டை அசைப்பார். தண்ணீர் விழும் சத்தத்தில் ஒரு வார்த்தையும் கேட்காது. சமையலறை வாசலில் நின்று என் மனைவி இதைப் பல வருஷம் பார்த்திருக்கிறாள். கடவுள் இருக்கிறாரா இல்லையா என்ற சந்தேகமே அவளுக்கு அந்த வயதில் வரவில்லையாம். அம்மா என்ன சொல்கிறார் என்பதுதான் தெரிய வேண்டியிருந்ததாம். படித்து, பட்டம் வாங்கி, பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அவளுடைய கேள்வி அந்த வாசலைவிட்டு நகரவே இல்லை என்று நினைக்கிறேன்.

"நீங்க நம்புறீங்களா?" என்று யாராவது கேட்டால் அவளிடம் ஒரே பதில்தான். "கடவுள் இருக்காரா இல்லையாங்கறது என் வேலை இல்லைங்க. கும்பிடுறவங்க இருக்காங்க. அது என் வேலை." இந்தப் பதிலால் இரண்டு பக்கத்திலும் அவளுக்குக் கெட்ட பெயர். நம்புகிறவர்கள் அவளை வேவு பார்க்கிறவள் என்றார்கள். அவளுடைய அப்பா கடைசிவரை அவளைக் கட்சி மாறியவளாகவே பார்த்தார்.

வேலை செய்யும் முறையில் அவள் மகா கறார். கூட்டம் நடக்கும் இடத்துக்குப் போனால் செருப்பு கழற்றும் இடத்துக்குப் பக்கத்தில், கடைசியில், உட்காருவாள். கையில் பேனா இருக்காது. எழுதுகிறவளைக் கண்டால் ஜனங்கள் நடிக்க ஆரம்பித்துவிடுவார்களாம். எல்லாவற்றையும் தலைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, யாரிடமும் ஒரு சொல் பேசாமல், நேராக அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு டைப் அடிப்பாள். பேசினால் கலந்துவிடுமாம். அவள் வெளியே வரும்வரை வீட்டில் நானும் மகளும் சைகையில்தான் சண்டை போட்டுக்கொள்வோம்.

இன்னொரு விதி, யாரிடமும் 'ஏன்' என்று கேட்கக் கூடாது. "ஏன்னு கேட்டா அழகா ஒரு பதில் சொல்லிடுவாங்க. என்ன பண்ணீங்க, அப்புறம் என்ன பண்ணீங்கன்னு கேளுங்க" என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பாள். இந்த விதியை அவளே ஒருமுறை மீறினாள். அதனால் வந்த வினையைத்தான் சொல்லப் போகிறேன்.

பெயிண்ட் கடை ஒன்றின் மாடியில் ஒரு பிரார்த்தனைக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. பெரிய கூட்டமெல்லாம் இல்லை. தையல்காரர்கள், டிரைவர்கள், இரண்டு ஆசிரியைகள், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். படியேறும்போதே தின்னர் நெடி மூக்கில் ஏறும். அந்தக் கூட்டத்தை நடத்தியவர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் கண்டக்டர் ஐயா. வாட்டசாட்டமான உடம்பு, நல்ல கனமான குரல். உடம்புக்கு முடியாதவர்கள் வந்தால் தலையில் கை வைத்துப் பிரார்த்தனை செய்வார். அவரே கட்டிய ஒரு நீளமான பாட்டு உண்டு. அவர் ஒரு வரி பாட, மற்றவர்கள் அதைத் திருப்பிப் பாட வேண்டும். நான்கு வரி முடிந்ததும் அவர் நிறுத்திவிடுவார். கண்ணை மூடி, ஒரு கையை மேலே தூக்கி அப்படியே நிற்பார். கூடத்தில் ஒருவரும் இருமக்கூட மாட்டார்கள். பிறகு அவர் ஐந்தாவது வரியை எடுப்பார்.

அந்த அமைதியில் என் மனைவி விழுந்துவிட்டாள். எத்தனையோ இடங்களில் எத்தனையோ மௌனங்களைப் பார்த்தவள், இதைப் போல ஒன்றைப் பார்த்ததில்லை என்றாள். ஒருநாள் பேட்டி எடுக்கும்போது அவளையும் மீறி அந்தக் கேள்வி வாயில் வந்துவிட்டது. "ஏன் ஐயா அங்க நிறுத்துறீங்க?" கண்டக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாராம். "எப்பவும் நாமளே பேசிக்கிட்டு இருந்தா எப்படிம்மா? அங்க நாம கேக்கணும்." அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் விதியை எல்லாம் மறந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் என்னிடம் இதைச் சொன்னாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைக் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை. பொறாமையாக இருந்தது என்று சொன்னால் சிரிக்காதீர்கள்.

அந்தப் பதிலிலிருந்து ஓர் அத்தியாயம் வளர்ந்தது. அத்தியாயத்திலிருந்து புத்தகம் வளர்ந்தது. அவள் எழுதியதிலேயே நாலு பேர் படித்த புத்தகம் அதுதான். வெளியூர்களில் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். கூட்டத்துக்காரர்களும் பிரதிகள் வாங்கினார்கள். அதிலிருந்து ஒரு வாக்கியத்தைப் பலகையில் எழுதிக் கூடத்து வாசலில் மாட்டிவிட்டார்கள்: 'நான்காவது வரிக்குப் பிறகு இவர்கள் பாடுவதில்லை, கேட்கிறார்கள்.' தன்னுடைய வாக்கியத்துக்குக் கீழே செருப்பைக் கழற்ற வேண்டியிருக்கிறதே என்று அவள் நெளிவாள். ஆராய்ச்சி முடிந்த பிறகும் மாதத்துக்கு ஒருமுறையாவது போய் வந்துகொண்டிருந்தாள்.

புத்தகம் வந்து ஒரு வருஷத்துக்குப் பிறகு கண்டக்டர் இறந்துபோனார். இதயம் நின்றுவிட்டது என்றார்கள். முன்வரிசையில் உட்காரும் கணக்கு டீச்சர் பாட்டை எடுத்து நடத்த ஆரம்பித்தார். டீச்சருக்குக் கணீரென்ற குரல். அவரும் நான்காவது வரிக்குப் பிறகு நிறுத்தினார். புத்தகத்தைப் படித்துவிட்டு, அந்த அமைதிக்காகவே புதிதாகச் சிலர் வர ஆரம்பித்திருந்தார்கள்.

ஒருநாள் பிற்பகல் கண்டக்டரின் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தார். கூட்டத்தில் எல்லோருக்கும் அவர் கண்டக்டர் அம்மா. வாசலில் நான் ஒரு பழைய ஃபிரிட்ஜைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். சாமான்களைத் தாண்டி உள்ளே வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். டீ கொடுத்ததும் கையில் வாங்கி வைத்துக்கொண்டார், குடிக்கவில்லை.

"இனிமே கூட்டத்துக்கு வரலன்னு உங்ககிட்ட சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன் ப்ரொஃபசர்."

"என்னம்மா ஆச்சு?" என்றாள் என் மனைவி.

"நாலாவது வரிக்கு அப்புறம் நிறுத்துறாங்களே, அத என்னால தாங்க முடியல." டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "அவரு எதையும் கேக்குறதுக்காக நிறுத்தலம்மா. மூச்சு முட்டும். அடுத்த வரிய எடுக்க வராது. கைய மேல தூக்கினா நெஞ்சு கொஞ்சம் விரியும்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. அதான் தூக்குவாரு."

என் மனைவியின் முகத்தில் ஈயாடவில்லை. நான் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு அறை வாசலில் வந்து நின்றேன்.

"யாருக்கும் தெரியக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு. ஊருக்கெல்லாம் குணமாகணும்னு கை வைக்கிறவன், எனக்கே மூச்சு வரலன்னா எவன் நம்புவான்னு கேப்பாரு. மருந்து வாங்க ரெண்டு பஸ் மாறி எங்கயோ போவேன். நீங்க புத்தகத்துல எழுதினதும் அவருக்கு ரொம்பச் சந்தோஷம். இனிமே தைரியமா நிறுத்தலாம்னாரு."

"அம்மா" என்றாள் என் மனைவி.

"நான் முன்னாடி உக்காந்து மனசுக்குள்ள ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிக்கிட்டே இருப்பேன். வந்துடும், வந்துடும்னு. அவரு அடுத்த வரிய எடுத்ததும்தான் எனக்கு மூச்சு வரும். இப்பவும் அந்த இடத்துல எல்லாரும் நிறுத்துறாங்க. நான் இப்பவும் எண்ணுறேன். ஆனா வேற யாரோ எடுக்குறாங்க." டீயை மேஜையில் வைத்தார். "எனக்குன்னு இருக்கிறது அந்தக் கூட்டம் ஒண்ணுதான். அத விட்டா வீட்டுல நாலு சுவரு. அந்த அமைதி நீங்க எழுதினதால நிலைச்சுப்போச்சு. நீங்க சொன்னா அத விட்டுடுவாங்க. ஆனா அவரு உடம்பப் பத்தி மட்டும் சொல்லிடாதீங்க."

அவர் போன பிறகு என் மனைவி அவர் குடிக்காத டீயை எடுத்துக்கொண்டு போய்க் கொட்டினாள். பிறகு பேச ஆரம்பித்தாள். என்னோடு இல்லை, தன்னோடுதான் பேசிக்கொண்டாள் என்று நினைக்கிறேன். ஒரு வழக்கம் எப்படி ஆரம்பித்தது என்பது முக்கியமே இல்லையாம். ஜனங்கள் அதில் இன்று என்ன அர்த்தம் காண்கிறார்களோ அதுதான் அதன் அர்த்தமாம். மூச்சுத் திணறலில் பிறந்ததாகவே இருக்கட்டும், இன்று அது நிஜமான மௌனம்தானாம். இதை அவள் எத்தனையோ வருஷமாக வகுப்பில் சொல்லி வருகிறாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உன் க்ளாஸ்ல முக்கியம் இல்லாம இருக்கலாம். அந்தம்மா காதுல முக்கியம்" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேனோ என்று தோன்றியது. "காரணம் சொல்லாம எப்படிங்க தப்புன்னு சொல்றது?" என்று கேட்டாள். "நான் எழுதினதுல நாலு பேருக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான். அது தப்பு, ஏன்னு கேக்காதீங்கன்னு சொன்னா என்னப் பைத்தியம்னு சொல்வாங்க. காரணத்தச் சொன்னா அந்தம்மா சத்தியம் போச்சு."

"சொல்லாம இருந்தா?"

"அந்தம்மா போச்சு" என்றாள்.

பல்கலைக்கழகத்தில் ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது. வாழ்நாள் பூராவும் சேர்த்த ஒரே பெயரைக் கொண்டுபோய் ஒரு பெயிண்ட் கடை மாடியில் போட்டு உடைப்பதா என்று எனக்கே ஒரு கணம் தோன்றியது. சொல்லவில்லை. அடுத்த கூட்டத்துக்குக் கிளம்பும்போது, "நீங்களும் வாங்க" என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் என்னை வேலைக்குக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

பாட்டு ஆரம்பிப்பதற்கு முன்னால் கணக்கு டீச்சரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு எழுந்து நின்றாள். கண்டக்டர் அம்மா வந்திருந்தார். கடைசி தடவையாக வந்தேன் என்று என்னிடம் வாசலில் சொன்னார். நான் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"வாசல்ல மாட்டியிருக்கிற வாக்கியம் என்னோடது" என்றாள் என் மனைவி. "அது தப்பு. ஐயா பாட்ட நிறுத்தினதுக்கு நான் எழுதின அர்த்தம் சரியில்ல. அந்தப் பலகைய எடுத்துடுங்க. அந்த இடத்துல நிறுத்தவும் வேண்டாம். இத நான் முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டிருக்கணும். மன்னிச்சுக்குங்க."

கூடத்தில் ஒரே சலசலப்பு. புதிதாக வந்துகொண்டிருந்த ஒரு வங்கி ஊழியர் எழுந்தார். மரியாதையாகத்தான் கேட்டார். "மேடம், உங்க புத்தகத்தப் படிச்சிட்டுத்தான் நான் இங்க வந்தேன். தப்புன்னா என்ன தப்புன்னு சொல்லணும் இல்லையா? ஐயா அப்போ எதுக்கு நிறுத்தினாரு?"

பூசி மெழுகி ஏதாவது சொல்ல அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? மதங்களைக் கரைத்துக் குடித்தவள். எந்த மேடையிலும் எந்தக் கேள்விக்கும் அவள் தயங்கி நான் பார்த்ததில்லை. அன்று அப்படியே நின்றாள்.

"அத நான் சொல்ல முடியாது" என்றாள்.

"தெரியலைங்கறீங்களா, சொல்ல மாட்டேங்கறீங்களா?"

அவள் தரையைப் பார்த்தாள். பின்வரிசையில் யாரோ ஒருவர் சிரித்தார். எனக்கு எழுந்து போய் அந்த ஆளின் சட்டையைப் பிடிக்கலாமா என்றிருந்தது. அதற்குள் முன்னால் கண்டக்டர் அம்மா தரையில் கையூன்றி எழுந்திருந்தார்.

"அவங்கள விடுங்க. நான்தான் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டேன்" என்றார். "அவருக்கு மூச்சு வாங்குச்சு. நுரையீரல் கெட்டுப்போயிருந்துச்சு. நாலு வரிக்கு மேல ஒரு மூச்சுல வராது. அவ்வளவுதான். உங்க எல்லார்கிட்டயும் மறைச்சுட்டோம்."

சொல்லிவிட்டு அடி வாங்கப்போகிறவரைப் போலத் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றார். வங்கி ஊழியர் மெதுவாக உட்கார்ந்தார்.

"தெரியும்மா" என்றார் கணக்கு டீச்சர்.

கண்டக்டர் அம்மா திரும்பிப் பார்த்தார்.

"அவரு கைய தூக்கும்போது நகமெல்லாம் நீலம் பாரிச்சிருக்கும். முன்னாடி உக்காந்திருக்கிற எங்களுக்குத் தெரியாம இருக்குமா? முதல் தடவ அவரு நின்னப்போ, மறந்துட்டாரு போலன்னு நினைச்சு நானே அடுத்த வரிய எடுத்துட்டேன். அவரு முகம் சுண்டிப்போச்சு. அன்னிக்கே எல்லாரும் பேசிக்கிட்டோம். இனிமே யாரும் எடுக்கக் கூடாது, எவ்வளவு நேரம் ஆனாலும் அவரே எடுக்கட்டும்னு. அவரு போனப்புறமும் அந்த இடத்த நிக்காமத் தாண்ட எங்களால முடியல. புதுசா வர்றவங்க கேட்டா என்ன சொல்றது? ப்ரொஃபசர் நல்லா எழுதியிருந்தாங்க. அதையே சொல்லிட்டோம்."

"என்கிட்ட ஏன் ஒருத்தரும் சொல்லல?" என்றாள் என் மனைவி. அவள் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"நீங்க எங்ககிட்ட கேக்கலையே ப்ரொஃபசர். ஐயாகிட்டதானே கேட்டீங்க." டீச்சரின் குரலில் குத்தல் எதுவும் இல்லை. "கேட்டிருந்தாலும் சொல்லியிருப்போமான்னு தெரியாது."

கூடம் பூராவும் சேர்ந்து மௌனமாக இருந்திருக்கிறது. இவள் போய், பேசிய ஒரே ஆளிடம் காரணம் கேட்டு எழுதியிருக்கிறாள். தன் புத்தகம் எங்கே தவறியது என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. அவமானமா, நிம்மதியா, என்னவென்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை என்று பிற்பாடு சொன்னாள். நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஆனால் அன்று நான் பார்த்துக்கொண்டிருந்தது கண்டக்டர் அம்மாவைத்தான். "அப்போ எல்லாருக்கும் தெரியுமா?" என்று கேட்டார். "நான் மட்டுந்தான் உள்ளுக்குள்ள எண்ணிக்கிட்டிருக்கேன்னு நினைச்சேனே."

"நானும் எண்ணுவேன்மா" என்றது பக்கவாட்டிலிருந்து ஓர் ஆண் குரல். ஒரு டிரைவர்.

"நானும்" என்றார் இன்னொருவர். பிறகு வேறொரு பெண்.

கண்டக்டர் அம்மா முகத்தை மூடிக்கொண்டு அழுதார். டீச்சர் அவரைப் பிடித்து உட்கார வைத்தார். மனைவி சொன்ன விதிப்படி கடைசியில் உட்கார்ந்ததில் ஒரு லாபம், நான் கண்ணைத் துடைத்துக்கொண்டதை யாரும் பார்க்கவில்லை.

அழுகை அடங்கியதும் டீச்சர் கேட்டார். "இனிமே அங்க நிறுத்த வேண்டாம்மா. நேரா பாடிடுவோம். சரிதானே?"

கண்டக்டர் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். "இல்ல, நிறுத்துங்க" என்றார். "ஆனா அடுத்த வரிய நான் எடுக்கிறேன்."

டீச்சர் பாட்டை ஆரம்பித்தார். ஒரு வரி, அதைத் திருப்பி எல்லோரும். இரண்டு, மூன்று, நான்கு. நின்றது. கீழே பெயிண்ட் கடையில் டப்பா உருளும் சத்தம் கேட்டது. கண்டக்டர் அம்மா அவசரப்படவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு, தனக்கு வேண்டிய மட்டும் நேரம் எடுத்துக்கொண்டார். நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். பிறகு அவர் ஐந்தாவது வரியை எடுத்தார். சுருதி சேரவில்லை. எல்லோரும் அதே சுருதியில் திருப்பிப் பாடினார்கள்.